தொட்டிக்குள் விழுந்தது யார் சித்தம்?

கர்த்தருக்குள் அன்பான மச்சான் போதகர் அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் பணிவோடு எழுதுவது. இங்கே நான் சுகம், உங்கள் தங்கை சுகம், எங்கள் இருவருக்கும் நடுவில் உள்ள பேச்சுவார்த்தைக்குத்தான் சுகமில்லை.

குழாய் வேலைக்காரன் என்பதால் எங்கள் பாப்டிஸ்ட் சபையின் ஞானஸ்நானத் தொட்டிக்குக் கல்யாணமான நாள் முதல் நான்தான் தண்ணீர் நிரப்புகிறேன், ஆனால் நான் மட்டும் அதில் இறங்கியதில்லை. நம்மிடம் யாரையும் பிடித்துத் தள்ளுகிற வழக்கம் இல்லை, விசுவாசித்தவன் தானே மனதாரக் கேட்டு இறங்கி முழுக வேண்டும், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நானும் கேட்கலாம் என்று வாயைத் திறக்கும்போதெல்லாம் எங்கள் போதகர் ஒரு பிரசங்கம் செய்து குழப்பிவிடுகிறார். நாம் செய்யப்போவதெல்லாம் உலகம் உண்டாகுமுன்பே ஆண்டவருக்குத் தெரியும் என்றார். சரி, அவருக்கே தெரியும்போது நான் எதற்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும் என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். அடுத்த வாரமே, முடிவு உன் கையில், தப்பிக்க முடியாது என்கிறார்! இரண்டில் எதுங்க ஐயா என்று கேட்டால், "ரெண்டும்தான்" என்று சிரிக்கிறார்.

இப்படியிருக்க, போன ஞாயிறு ஒரு வாலிபனின் ஞானஸ்நானத்துக்காக நிரப்பிய தொட்டியில் வால்வு கசிந்தது. குனிந்து முறுக்கினேன், ஸ்பேனர் வழுக்கியது, மொத்த சபையும் பார்க்கத் தலைகுப்புற உள்ளே போய் முழுசா முழுகி எழுந்தேன். உங்கள் தங்கை துள்ளி எழுந்து, "ஸ்தோத்திரம்! கர்த்தரோட சித்தம் நிறைவேறிடுச்சு!" என்றாள். போதகர், "அம்மா, அவரு வழுக்கி விழுந்தாரு, மனசார இறங்கல" என்றார். "வழுக்க வச்சது யாரு?" என்றாள். கடைசியில் சபைக் கூட்டம் போட்டு, நான் முழுகியது செல்லுமா என்று ஓட்டெடுத்தார்கள். நானும் கையைத் தூக்கினேன். "ஞானஸ்நானம் எடுக்காதவங்களுக்கு ஓட்டு இல்லண்ணே" என்று செயலாளர் என் கையை இறக்கிவிட்டார். என் சுயசித்தத்தைப் பற்றிச் சபையே கை தூக்குகிறது, என் கைக்கு மட்டும் அனுமதி இல்லை, இது என்ன கூத்து மச்சான்? செல்லாது என்று முடிவானது. ஞானஸ்நானம் எடுக்காதவனுக்குத் திருவிருந்து அப்பமும் கிடையாதே, வீட்டுக்கு வரும் வழியில் உங்கள் தங்கை அழுதாள். "ஒரு தடவையாவது திருவிருந்துல உங்க பக்கத்துல உக்காந்து அப்பம் எடுக்கணும்னு இருந்தேன்" என்று சொல்லிப் பேச்சை நிறுத்தியவள்தான். சாப்பாடு வருகிறது, சத்தம் வரவில்லை.

ஆகவே, நான் இறங்கினால் அது என் முடிவா, அவர் முன்பே முடித்துவைத்ததா என்று நீங்கள் தெளிவாக எழுதும்வரை தொட்டியில் கால் வைப்பதாக இல்லை. இது உறுதி. அக்காவும் பிள்ளைகளும் நீங்களும் நல்லா இருக்கணும், உங்கள் சபைத் தொட்டி கசியாமல் இருக்கணும்.

இப்படிக்கு,
இன்னும் ஈரம் காயாத உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பி.கு.: மேலே எழுதியதை விட்டுத்தள்ளுங்கள். இதற்கு உறை தேடி அவள் பெட்டியைத் திறந்தேன், அடியில் ஒரு வெள்ளை ஞானஸ்நான அங்கி. யாருக்கு என்றேன். "உங்களுக்குத்தான். கல்யாணமான வருஷமே தச்சுட்டேன்" என்று வாயைத் திறந்தாள். அப்போது நான் ஈர்க்குச்சி மாதிரி இருந்தவன். போட்டுப் பார்த்தால் தொப்பைக்கும் சேர்த்துக் கச்சிதம்! "இது வரும்னு அப்பவே எப்படித் தெரியும்?" "தெரியும்." "அப்புறம் ஏன் இத்தனை நாளா எடுத்து நீட்டல?" "நீங்களா கேக்கணும்ல" என்றாள். வரும் ஞாயிறு இறங்குகிறேன், போதகரிடம் நானே கேட்டுவிட்டேன். கட்டாயம் வந்துவிடுங்கள். பதில் மட்டும் எழுத வேண்டாம், மறுபடியும் குழம்பிவிடுவேன்.