மாமனார் படகுக்கு நான் நட்ட பாய்மரம்

இஞ்ஜினியரிங் படித்தவனுக்குப் பெண் கொடுத்த வீட்டில் ஒரு மூடநம்பிக்கை இருக்கும். எது உடைந்தாலும் மாப்பிள்ளை சரி செய்துவிடுவார் என்று. நான் படித்தது கம்ப்யூட்டர். சென்னையில் ஒரு கம்பெனியில், அடுத்தவர் எழுதிய புரோகிராமில் தப்பு கண்டுபிடிப்பது என் வேலை. (கண்டுபிடிப்பது மட்டும்தான். திருத்த வேறு ஆள் உண்டு.) இதைக் கல்யாணத்துக்கு முன்பே விளக்கியிருக்க வேண்டும். விளக்கவில்லை.

என் மாமனார் கப்பலில் சமையல்காரராக இருந்து, ஓய்வுபெற்று, செஞ்சிக்குத் திரும்பியவர். செஞ்சியில் மலைக்குப் பஞ்சமில்லை, கடல்தான் கிடையாது. அந்த ஏக்கத்தில் வீட்டிலேயே ஒரு சின்னப் பாய்மரப் படகு செய்தார். கைக்குழந்தை அளவு இருக்கும். குழந்தையைப் போலவே அதைத் துடைப்பார், தடவுவார், வெயிலில் காட்டுவார். மாமியார் தன் கல்யாண வெள்ளைப் புடவையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்துக் கொடுக்க, அதில்தான் பாய் தைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் பனமலை ஏரியில் முதல் ஓட்டம். மந்திரிக்கப் பங்குச் சாமியார் வருகிறார். உறவுக்காரர்களுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது.

சனிக்கிழமை காலை, படகை வெயிலுக்குக் கொண்டுபோன என் மச்சான் ஜெயராஜ், அதன் பாய்மரத்தை நிலைப்படியில் இடித்துவிட்டான். அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் விரிசல். மயிரிழைதான்.

கல்யாணமான நாளிலிருந்து "சாப்டீங்களா?" என்பதைத் தவிர என்னிடம் எதையும் பேசியிராத மாமனார், என் பக்கம் திரும்பினார். (அவர் ஆசைப்பட்டது அரசாங்க வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்கு. என் மனைவி ஸ்டெல்லா பிடிவாதம் பிடித்ததால் நான் கிடைத்தேன்.)

"மாப்ள, நீங்க இஞ்ஜினியராச்சே. இன்னா பண்லாம்? நூல் சுத்திப் பசை தடவனா தாங்குமா?"

தாங்கியிருக்கும். "தாங்கும் மாமா" என்று சொல்லிவிட்டு நான் டீ குடிக்கப் போயிருக்கலாம். ஆனால் மனிதர் இப்போதுதான் முதன்முறையாக என்னிடம் முழு வாக்கியம் பேசுகிறார். விடலாமா?

"அது டெம்பரவரி மாமா. பசை உள்ளுக்குள்ள எறங்கணும். நான் பாத்துக்கறேன், நீங்க டென்ஷன் ஆவாதீங்க."

"கேட்டியா? உள்ளுக்குள்ள எறங்கணுமாம்," என்று அவர் மாமியாரிடம் பெருமையாகச் சொன்னார்.

விரிசலுக்குள் பசை விடுவதற்காகப் பாய்மரத்தை லேசாக வளைத்தேன். படக்கென்று இரண்டானது.

ஸ்டெல்லா எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க, ஒடச்சிட்டீங்க?"

"ஒடைக்கல. இது ஒரு ஸ்டெப்."

ஒட்டினேன். குடித்தவன் சுவரில் சாய்ந்தது மாதிரி காய்ந்தது. நிமிர்த்திப் பார்த்தேன். ஒட்டிய இடம் அப்படியே இருக்க, வேறோர் இடத்தில் ஒடிந்தது. முனைகளை பிளேடால் சீவி மறுபடி ஒட்டினேன். இப்போது நேராகத்தான் நின்றது, ஆனால் குள்ளமாகிவிட்டது. மாமியாரின் கல்யாணப் புடவை, கொடி அறுந்த துணி போலப் படகின் தட்டில் சுருண்டு கிடந்தது.

மதியம் பிரியாணி. "இஞ்ஜினியருக்கு ரெண்டு பீஸ் சேத்து வை," என்றார் மாமனார். ஒவ்வொரு பீஸும் தொண்டையில் நின்று என்னை விசாரித்துவிட்டுத்தான் இறங்கியது.

கைகழுவிய ஈரத்தோடு பஜாருக்கு ஓடினேன்.

"பாய்மரம் மாதிரி ஒரு கம்பு வேணும்."

"பாய்க்கா, மரத்துக்கா?" என்றார் ஹார்டுவேர் கடைக்காரர்.

"கப்பலுக்குங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அதற்குப் பிறகு, உடம்புக்கு முடியாதவனிடம் பேசுவது போல மெதுவாகப் பேசினார். ஜன்னல் ஸ்கிரீன் மாட்டுகிற இரும்புக் கம்பி ஒன்றை எடுத்துக் கொடுத்து, "ஒங்க காலத்துக்கும் ஒடையாது," என்றார். அந்த நிலையில் எனக்கு வேண்டியிருந்ததும் அந்த ஒரு வார்த்தைதான்.

சாயங்காலத்துக்குள் கம்பியை நட்டு, ஸ்குரூ முடுக்கி, பாயைக் கட்டிவிட்டேன். கொடிமரம் மாதிரி நின்றது. மாமனார் ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. "கெட்டியா இருக்குதே!" என்று என் தோளில் கை வைத்தார். கல்யாணத்தன்றுகூட வைக்காத கை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. படகு இப்போது தலைக்கனம் பிடித்து நிற்கிறது என்பது மட்டும் எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. எனக்கும் அன்று அதே வியாதிதான்.

மறுநாள் ஏரிக்கரையில் இரண்டு வேன் ஜனம். கோயில் பாடகர் குழு வேறு. மாமனார் வெள்ளை வேட்டி கட்டி, முழங்கால் தண்ணீரில் இறங்கி, படகை விட்டார். நின்றது! காற்றடித்துப் பாய் விம்மியது. எல்லோரும் கைதட்டினார்கள். ஜெயராஜ் என்னைக் கட்டிப்பிடித்தான். பாடகர் குழு பாட்டை எடுத்தது.

பாட்டின் முதல் அடி முடிவதற்குள் படகு வலது பக்கம் சாய்ந்தது. அவசரமே இல்லாமல், சாப்பிட்ட களைப்பில் ஒருவர் பாயில் சாய்வது போலச் சாய்ந்தது. பிறகு புரண்டது. பாய்மரம் தண்ணீருக்குள் போய், படகின் வயிறு வானத்தைப் பார்த்தது. பாட்டு அந்தரத்தில் நின்றுபோனது.

தீர்த்தத்தோடு கையை ஓங்கியிருந்த சாமியாருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "மேல தெளிச்சா இன்னா, அடில தெளிச்சா இன்னா, ஆண்டவருக்கு ஒண்ணுதான்," என்று சொல்லி, கவிழ்ந்த படகின் அடிப்பாகத்தையே மந்திரித்துவிட்டார்.

மாமனார் இடுப்பளவு தண்ணீருக்குப் போய்ப் படகை வாரி எடுத்து வந்தார். கல்யாணப் புடவையெல்லாம் சேறு. கரையேறி என் முன்னால் நின்றார்.

"அத்தன வருசம் கப்பல்ல சமைச்சேன் மாப்ள. ஒரு பொயல்லகூட கவுந்ததில்ல."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திரும்பும்போது வேனில் அவருக்குப் பக்கத்து சீட்தான் எனக்கு வாய்த்தது. படகு அவர் மடியில். என் வெற்றிக் கம்பி வழியெல்லாம் என் காதை இடித்துக்கொண்டே வந்தது. தள்ளி உட்காரக்கூட எனக்குத் தைரியம் இல்லை. வழியில் இறங்கி, அப்படியே சென்னைக்கு நடந்துவிடலாமா என்று யோசித்தேன்.

பிறகு அவரே மெல்லிய மூங்கிலில் வேறு பாய்மரம் செய்துகொண்டார். படகு இன்றும் அழகாக ஓடுகிறது. ஆனால் அந்தக் குடும்பத்தின் பேச்சில் ஒரு புது வார்த்தை சேர்ந்துவிட்டது: 'மாப்ள ரிப்பேர்'. இருந்ததையும் கெடுத்து வைப்பது என்று பொருள். மிக்ஸிக்கும் சொல்வார்கள், ரோட்டுக்கும் சொல்வார்கள்.

சமீபத்தில் மாமியாரை முட்டிவலிக்கு டாக்டரிடம் அழைத்துப் போனேன். ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். மாமியார் கவலையோடு அவர் பக்கம் குனிந்து கேட்டார்:

"நல்லா ஆயிடுமா டாக்டர்? மாப்ள ரிப்பேர் ஆயிடாதே?"

டாக்டருக்குப் புரியவில்லை. எக்ஸ்ரே கவரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து, "நீங்க இவங்களுக்கு இன்னா வேணும்?" என்றார்.

"டிரைவர் சார்," என்றேன்.