உடைந்த அயினும் ஹகாமின் கட்டைவிரலும்

எங்கள் திபேரியாவில் ஏரி உண்டு, வெந்நீர் ஊற்று உண்டு, வறுத்த மீன் உண்டு. இல்லாதிருந்தது அற்புதம் ஒன்றுதான். அந்தக் குறையைத் தீர்க்க, பஸ்கா பண்டிகை முடிந்த வாரம் ஹகாம் அம்ராம் வந்து சேர்ந்தார். ஹகாம் என்றால் ஞானி. யார் கொடுத்த பட்டம் என்று யாரும் கேட்கவில்லை. தாடி நீளமாக இருந்தது, அது போதாதா?

பழைய முடிவெட்டும் கடையை வாடகைக்குப் பிடித்தார். மூன்றே நாளில் வாசலில் கூட்டம். நசரேத்து பேருந்து ஓட்டுநர் அங்கே ஒரு புதிய நிறுத்தமே போட்டுவிட்டான். சூரியகாந்தி விதை விற்பவன் வண்டியை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். ஞானம் பெருகும் இடத்தில் கொறிக்க ஏதாவது வேண்டுமே!

ஹகாமின் சரக்கு ஓர் எழுத்து. எபிரேய அரிச்சுவடியின் பதினாறாவது எழுத்து, அயின். அயின் என்றால் கண். எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டுக் கதவு நிலையிலும் மெசூசா என்கிற சிறு குழல் அறைந்திருக்கும். அதற்குள் வேத வரிகள் எழுதிய தோல்சுருள். அந்த வரிகளின் முதல் சொல்லே அயினில்தான் முடிகிறது. ஹகாம் மூடிய குழலைக் கையில் வாங்குவார். கண்ணை மூடுவார். பெருமூச்சு விடுவார்.

“உள்ளே கண்ணு அழுதுகிட்டிருக்கும்மா. உங்க அயின் உடைஞ்சிருக்கு.”

பிறகு சுருளைத் தாமே வெளியே எடுத்து, தாமே விரித்து, பூதக்கண்ணாடி வைத்துக் காட்டுவார். முதல் வரி, முதல் சொல், கடைசி எழுத்து. மெய்யாகவே குறுக்கே ஒரு வெடிப்பு! கூட்டம் “ஐயோ!” என்னும். வியாபாரத்தில் நட்டமா, மகளுக்கு மாப்பிள்ளை அமையவில்லையா, ஆடு பால் கறக்கவில்லையா, எல்லாவற்றுக்கும் காரணம் அந்த வெடிப்பு. புதுச் சுருள் எங்கே கிடைக்கும்? ஹகாமிடமே கிடைக்கும். என்ன பொருத்தம் பாருங்கள்!

சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. முழங்கால் வலியோடு நானும் அந்த வரிசையில் நின்றவன். நான் போலந்தில் பிறந்தவன். அயினைத் தொண்டை அடியிலிருந்து உச்சரிக்க எனக்கு வராது. மொரோக்கோவிலிருந்து வந்தவர்களுக்கும் ஏமன்காரர்களுக்கும் அது அல்வா சாப்பிடுவது மாதிரி. ஹகாம் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“எங்கே, ஒரு தடவை சொல்லுங்க, அயின்.”

“ஆயின்.”

“பாத்தீங்களா! தொண்டையில கண்ணு திறக்கல. முழங்கால் எப்படி மடங்கும்?”

என் பின்னால் நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன். அதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. அவருடைய சுவரொட்டிகளை அச்சடித்தவன் நான்தான். ‘சீனாய் மலையில் நெருப்பால் எழுதப்பட்ட, அன்று முதல் இன்று வரை மாறாத புனித அயின்’ என்று கொட்டை எழுத்தில்.

என் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோப்பவள் சிமி. அந்த வாசகத்தைக் கோத்துக்கொண்டிருக்கும்போதே சிரித்துவிட்டாள்.

“முதலாளி, மாறாத அயினாம்! ஆதியில இது வெறும் வட்டம். கண்ணு மாதிரி ஒரு சுழி. அருங்காட்சியகத்துக் கல்லுல இருக்கு, போய்ப் பாருங்க. கிரேக்கன் அந்த வட்டத்தைக் கடன் வாங்கினான்; இங்கிலீஷ்காரனோட ‘ஓ’ வரைக்கும் அதுதான் போயிருக்கு. நம்ம ஆளுங்க எழுதி எழுதி வட்டம் மேல திறந்து, கீழ வால் முளைச்சுது. மனுசன் கை பட்டு மாறின எழுத்து இது.”

“மெதுவாப் பேசு. வாடிக்கைக்காரர் காதுல விழப்போகுது” என்றேன். இதுதான் என் வீரம்.

சிமி அத்தோடு விட்டிருப்பாள். ஆனால் அவளுடைய அண்ணி ஃப்ரெஹா அந்த வரிசையில் சேர்ந்துவிட்டாள். அண்ணன் யமின் ஏரியில் மீன் பிடிப்பவன். அவனுக்குக் கண்ணில் அழுத்த நோய். ஓரப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டு வந்தது. சொட்டு மருந்தை ஒரு நாள்கூட விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கண் நோய்க்காரன், கண் என்கிற எழுத்து, உடைந்த எழுத்து! ஹகாமுக்கு இதைவிடக் கொழுத்த மீன் அந்த ஏரியில் கிடைக்குமா?

“நாற்பது நாள் மருந்து படக்கூடாது. மருந்து விட்டா எழுத்துக்கு அவமானம்” என்று சொல்லிவிட்டார்.

பதினோராம் நாள், நண்பகல் வெயிலில், யமின் தன் படகைத் துறைக் கம்பத்தில் கொண்டுபோய் மோதினான். பக்கவாட்டில் நின்ற கம்பம் அவனுக்குத் தெரியவே இல்லை. சிமி ஓடிப்போய்ப் பார்த்தபோது நெற்றியில் ரத்தத்தோடு உட்கார்ந்திருந்தான்.

“மருந்து விட்டியாண்ணே?”

“உன் அண்ணி ஒளிச்சு வச்சிருக்கா” என்றான். கோபம்கூட இல்லை; பயம் மட்டும் இருந்தது.

ஃப்ரெஹா அழுதாள். “நான் கெட்டதா நினைப்பேனா சிமி? டாக்டரு ‘மோசமாகாமப் பாத்துக்கலாம்’னாரு. இவரு ‘குணமாக்கறேன்’னாரு. நீ யாரை நம்புவே?”

சிமி எழுந்தாள். நேரே போய் அந்தச் சொட்டு மருந்தின் விவரச் சீட்டைச் சுருட்டி ஒரு மெசூசாக் குழலில் போட்டு, ஹகாமிடம் நீட்டினாள். ஹகாம் கண்ணை மூடினார். “உள்ளே கண்ணு அழுதுகிட்டிருக்கு.” சீட்டு வெளியே வந்தது. ‘கண் சொட்டு மருந்து’ என்று அதிலே போட்டிருந்தது.

கூட்டம் அப்படியே எழுந்து நின்றது. “மூடியிருக்கும்போதே கண்ணு மருந்துன்னு சொல்லிட்டாரே!” எல்லோருக்கும் அவர் அதே வாக்கியத்தைத்தான் சொல்கிறார் என்று யார் எடுத்துச் சொல்வது? சோதிக்கப் போனவள் விளம்பரம் செய்து கொடுத்துவிட்டு வந்தாள். மறுநாள் வரிசை தபால் நிலையம் வரை நீண்டது.

அன்று மாலை அச்சகத்தில் கை கழுவிக்கொண்டிருந்த சிமி திடீரென்று நின்றாள். தன் நகக்கண்ணில் அப்பியிருந்த மையையே பார்த்தாள்.

“முதலாளி, நமக்கு நகத்துல கறுப்பு இருக்கலாம். நாள் பூரா பூதக்கண்ணாடி பிடிக்கிற ஞானிக்கு எதுக்கு இருக்கு? அதுவும் ஒரே ஒரு கட்டைவிரல்ல?”

மறுநாள் காலை, எங்கள் ஊரில் சுருள் எழுதும் சோபேரிடம் இரண்டு சுருள்களை எடுத்துப் போனாள். கூடவே ஃப்ரெஹாவையும் இழுத்துப் போனாள். சோபேர் பக்திமான், எழுத்தில் மயிரிழை பிசகினாலும் ஒப்பாதவர். ஃப்ரெஹாவையே பூதக்கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொன்னார். இரண்டிலும் அயின் முழுசாக இருந்தது. அங்கிருந்து நேரே ஹகாமின் கடை. முழங்காலைத் தடவிக்கொண்டு நானும் போனேன்.

ஹகாம் முதல் குழலை வாங்கினார். பெருமூச்சு. “உடைஞ்சிருக்கும்மா.”

“நானே திறக்கறேன்” என்று சிமி வெடுக்கென்று வாங்கி விரித்தாள். அயின் அப்படியே இருந்தது. விதை கொறிக்கும் சத்தம் நின்றது.

ஹகாம் அசரவில்லை. “பொம்பளை கை பட்டதும் எழுத்து வெட்கப்பட்டு ஒட்டிக்கிச்சு.”

“ஆமா, ஆமா!” என்று ஒரு குரல் கிளம்பியது. அந்தக் குரலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கழுதைக்குக்கூட இத்தனை பொறுமை கிடையாது.

“அப்படின்னா இந்த ரெண்டாவதை நீங்களே திறங்க. கட்டைவிரலைச் சுத்தி இந்தத் துணியைக் கட்டிக்குங்க, போதும்” என்றாள் சிமி.

“எதுக்குத் துணி?”

“உங்க நகம் எழுத்தைக் கீறிடக்கூடாதுல்ல?”

ஹகாமின் முகம் வெளுத்தது. “என்னையே சோதிக்கிறியா? உன் தலைமுறைக்கே...” என்று சாபத்தைத் தொடங்கினார். கூட்டம் பின்வாங்கியது. சாபம் என்றால் சும்மாவா?

பின்வாங்காதவள் ஃப்ரெஹா ஒருத்திதான். விறுவிறுவென்று முன்னே போய், ஹகாமின் கட்டைவிரலைப் பிடித்தாள்.

“பொம்பளை கை படக்கூடாது!” என்று அலறினார்.

“என் புருஷன் கண்ணுல கை வச்சப்ப இது தோணலியா உமக்கு?”

தலையில் கட்டியிருந்த வெள்ளை முக்காட்டை உருவினாள். நகத்தின் இடுக்கில் விட்டு ஒரே இழுப்பு. முக்காட்டில் கன்னங்கரேலென்று ஒரு கோடு. எத்தனை வீட்டு எழுத்தின் மையோ அது! அவள் முக்காடில்லாத தலையோடு அந்தக் கோட்டை எல்லோருக்கும் உயர்த்திக் காட்டினாள்.  

அதற்கப்புறம் என்ன! பேருந்து ஓட்டுநர்தான் முதலில் பாய்ந்தான். ஹகாம் கொல்லை வழியாக ஓடினார். தாடி பலமாக ஆடியது. பிறகு விசாரித்ததில், போன வருடம்வரை அஃபூலாவில் குளிர்பெட்டி பழுது பார்த்தவராம். அதிலும் நல்ல பெட்டியைக் கெடுத்துவிட்டுச் சரி செய்பவர் என்று பெயராம்.

யமின் அன்றே டாக்டரிடம் போனான். வலக்கண்ணைக் காப்பாற்றிவிட்டார்கள். இடக்கண்ணில் போன பார்வை போனதுதான்; அது திரும்பாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். ஃப்ரெஹா தினமும் நேரம் பார்த்து அவனுக்கு மருந்து விடுகிறாள். ஒவ்வொரு தடவையும் “மன்னிச்சிடுங்க” என்கிறாள். ஒவ்வொரு தடவையும் அவன், “சரி சரி, கண்ணுல விடு, கன்னத்துல விடாதே” என்கிறான்.

ஊர் திருந்திவிட்டது என்று நினைக்கிறீர்களா? போன வாரம் ஸஃபெத்தில் ஒருவர் வந்திருக்கிறாராம். பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டினால் போதும், கடன் தீர்ந்து கல்யாணம் நடக்குமாம். வரிசையில் இடம் பிடிக்க விடியுமுன்னே கிளம்பவேண்டுமாம். எங்கள் தெருவிலிருந்தே எட்டுப் பேர் கிளம்பிவிட்டார்கள்.

போங்கள் ஐயா, தாராளமாகப் போங்கள். எப்படியும் அந்த வரிசையில் மூன்று மணி நேரம் வெயிலில் நிற்கப்போகிறீர்கள். அவ்வளவு நேரம் சும்மாதானே நிற்பீர்கள்? கொஞ்சம் யோசித்துப் பாருங்களேன்!