மன்னிக்கும் டிரைவர்

மேலதிகாரிக்கு எது பிடிக்கிறதோ அது கீழே உள்ளவர்களுக்கும் பிடித்துப் போகும். இதற்கு அரசாணை ஏதும் கிடையாது. மழை மேலிருந்து கீழே பெய்ய யாரும் ஆணை போடவில்லையே, அந்த மாதிரிதான். வடிகால் துறையில் முன்பு ஓர் இயக்குநர் இருந்தார். அவருக்கு ரோஜாச் செடியில் மோகம். அவர் இருந்தவரை அதிகாரிகள் அத்தனை பேரும் விரலில் முள் குத்திக்கொண்டு திரிந்தார்கள். அடுத்து வந்தவருக்குச் சர்க்கரை வியாதி. துறையே சர்க்கரை போடாத டீ குடித்தது. தங்களுக்கும் அந்த வியாதி உண்டு என்று கூசாமல் பொய் சொன்னவர்களும் இருந்தார்கள்.

இப்போது வந்திருப்பவருக்குக் கோல்ஃப்.

பந்தைத் தூரத்திலிருந்து அடித்துக் குழியில் விழவைக்க வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். குழி என்பது வடிகால் துறைக்குப் புதிதல்ல. மூடி போட மறந்த குழிகளில் ஊர் ஜனம் தானாகவே விழுந்துகொண்டிருந்தது. அதற்கு யாரும் பயிற்சி எடுக்கவில்லை. பந்துதான் விழ மாட்டேன் என்று அடம்பிடித்தது.

எல்லாரையும்விட அதிகமாக அடம்பிடித்தது துணை இயக்குநரின் பந்து. நேரே பார்த்து அடித்தாலும் வலப்பக்கம் போகும். இடப்பக்கம் பார்த்து அடித்தால், முதலில் கொஞ்சம் இடப்பக்கம் போய் நம்பிக்கை கொடுத்துவிட்டு, பிறகு வலப்பக்கம் போகும். அலுவலகத்தில் முதுகுக்குப் பின்னால் அவருக்கு ‘வலப்பக்கத்தார்’ என்றே பேர் விழுந்துவிட்டது.

பேரைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. அவர் கவலை நாற்காலியைப் பற்றி. இணை இயக்குநர் பதவி காலியாக இருந்தது. ஏற்கெனவே இரண்டு தடவை அது அவர் மூக்குக்கு நேரே வந்துவிட்டு வேறொருவர் மடியில் போய் உட்கார்ந்துகொண்டது. இந்தத் தடவையும் தவறினால், துணையாகவே ஓய்வு பெற்று வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இந்த நேரத்தில்தான் இயக்குநர் கூட்டத்தில் சொன்னார்:

“மாசக் கடைசில ஒரு பந்தயம் வெச்சிருக்கேன். முதல் அடி அடிக்கிறதைப் பாத்தாலே போதும், யார் எந்த நாற்காலிக்கு லாயக்குன்னு சொல்லிடுவேன்.”

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பாவம், அவளுக்கு ஆராய்ச்சி மனப்பான்மை இல்லை. துணை இயக்குநர் படித்தவர். புல்லை ஆராய்ந்தார், காற்றை ஆராய்ந்தார், பந்தை உருட்டிப் பார்த்தார். கடைசியில் மட்டைதான் கோணல் என்ற முடிவுக்கு வந்தார்.

“புது டிரைவர் ஒண்ணு வாங்கணும்” என்றார் மனைவியிடம்.

“நமக்கு எதுக்குங்க டிரைவர்? நம்ம கார நீங்க ஓட்டுறதே இல்ல, தள்ளிக்கிட்டுத்தான போறீங்க.”

“கார் டிரைவர் இல்லம்மா. முதல் அடி அடிக்கிற நீள மட்டைக்குப் பேரு டிரைவர்.”

“மட்டையே டிரைவர்னா, புடிச்சிருக்கிறவருக்கு என்ன பேரு?”

“உனக்கு இதெல்லாம் புரியாது.”

“பந்து போற லட்சணம் எனக்கே புரியுது. மட்டைய மாத்துறதுக்குப் பதிலா ஆள மாத்திப் பாக்கலாமே?”

“அதுக்குத்தான் இத்தன பாடு! துணையா இருக்கிற ஆள இணையா மாத்தணும்!”

கடையில் மட்டைகள் தலைக்குக் குல்லா போட்டுக்கொண்டு, சளி பிடித்த பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன. ஒரு மூலையில் பச்சைக் கம்பளம் விரித்து எதிரே வலை கட்டியிருந்தார்கள்.

“உங்க பந்து எந்தப் பக்கம் சார் போகும்?” என்று கேட்டாள் விற்பனைப் பெண்.

“நேராத்தான் போகும்.”

ஒன்றை எடுத்து அடித்துக் காட்டினார். பந்து வலையை மதிக்காமல் வலப்பக்கச் சுவரில் பட்டு, தொப்பி மாட்டி நின்ற பொம்மையின் தாடையைப் பெயர்த்தது.

“நேராத்தான் சார் போகுது” என்றாள் அந்தப் பெண், முகம் மாறாமல். “இந்தக் கடைல சுவர கொஞ்சம் தள்ளிக் கட்டிட்டாங்க. நீங்க இதைப் பாருங்க சார். இது மன்னிக்கிற டிரைவர்.”

“என்ன பண்ணும்?”

“மன்னிக்கும் சார். நாம தப்பா அடிச்சாலும் கண்டுக்காது. பந்த முடிஞ்ச வரைக்கும் நேரா அனுப்பிடும். தலை எவ்வளவு பெரிசு பாருங்க.”

துணை இயக்குநர் மட்டையின் தலையைத் தட்டினார். ‘டங்’ என்றது. “உள்ள காலியா இருக்கே?”

“அதுதான் சார் விசேஷமே! தலை பெரிசா இருக்கணும், உள்ள காலியா இருக்கணும். அப்பத்தான் நல்லா மன்னிக்கும். தண்டும் வேணுங்கிற அளவுக்கு வளைஞ்சு குடுக்கும்.”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷ உத்தியோகத்தில் தப்பு செய்து மாட்டிக்கொண்ட நாளெல்லாம் இப்படி ஒரு ஜீவனைத்தானே தேடினார்! விலைச்சீட்டைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். துடைத்ததால் விலை குறைந்தபாடில்லை. அப்போதுதான் இது சொந்தச் செலவல்ல, அலுவலகச் செலவு என்பது அவருக்குத் தெளிவாயிற்று.

அலுவலகம் போனதும் தலைமை எழுத்தரைக் கூப்பிட்டார். எந்தச் சிக்கலுக்கும் ஒரு விதியைக் கண்டுபிடிப்பவர் அவர்; விதி அகப்படாவிட்டால் புதுச் சிக்கலையாவது கண்டுபிடித்துக் கொடுப்பார்.

“விளையாட்டுச் சாமான் வாங்க நமக்கு அனுமதி இல்ல சார். சாக்கடை அள்ற கரண்டின்னு வேணா எழுதிக்கலாம்.”

“கரண்டியா? கௌரவமா இல்லயேய்யா.”

“சாமானோட பேரு என்ன சார்?”

“டிரைவர்.”

தலைமை எழுத்தர் பணியிடப் பட்டியலைப் புரட்டினார். “சார், நம்ம ஜீப் டிரைவர் ஓய்வுல போனதிலருந்து அந்த இடம் காலியா கிடக்கு. ஒரு டிரைவர வெச்சுக்க அனுமதி இருக்கு. அந்த டிரைவர் மனுஷனா இருக்கணும்னு விதியில எங்கயும் சொல்லல.”

“அப்புறம் ஜீப்ப யார் ஓட்டுவாங்க?”

“இப்ப ஓடுதா சார்?”

ஜீப் நகராவிட்டாலும் கோப்பு நகர்ந்தது. ‘பொதுமக்கள் நலன் கருதி, மேற்படி காலியிடத்தினை, மன்னிக்கும் மனப்பான்மையும் வளைந்து கொடுக்கும் இயல்பும் வாய்ந்த டிரைவர் ஒருவரைக் கொண்டு உடனடியாக நிரப்பிட’ அனுமதி கோரப்பட்டது. இயக்குநர் மைதானத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் கையெழுத்துப் போட்டார். முன்பணம் என்ற பேரில் கடைக்குப் பணம் போயிற்று.

ஆனால் நியமனம் என்றால் நியமனம்தான். மருத்துவச் சான்று வேண்டும் என்றார்கள். துறை மருத்துவர் மட்டையைப் படுக்கவைத்துப் பார்த்துவிட்டு, ‘கண்ணில் குறையேதும் காணப்படவில்லை’ என்று எழுதினார். கண்ணே காணப்படவில்லை என்று எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை. ஓட்டுநர் தேர்வில் ஜீப்பில் உட்காரவைத்தார்கள். அது யாரையும் இடிக்கவில்லை, சிவப்பு விளக்கைத் தாண்டவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை. இப்படியொரு டிரைவரைப் பார்த்ததே இல்லை என்று தேர்வாளர் எழுதிக் கொடுத்தார். காவல் நிலையத்திலிருந்து ‘அக்கம்பக்கத்தில் விசாரித்த வகையில் அமைதியானவர்’ என்று வந்தது. தகப்பனார் பேர் கேட்டபோது தலைமை எழுத்தர், மட்டைத் தலை செய்த உலோகத்தின் பேரைப் படித்து, சற்றும் யோசிக்காமல் டைட்டானியம் என்றார். சீருடை தைக்க அளவெடுக்க வந்தவர்தான் தோள் எங்கே என்று கொஞ்சம் தடுமாறினார். பிறகு காக்கியில் ஒரு குல்லா தைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

இவ்வாறாக டை. டிரைவர் பணியில் சேர்ந்தார்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி முதலில் டிரைவர் ரொம்ப ஒழுங்காக நடந்துகொண்டது. பந்து நேரே பறந்தது. துணை இயக்குநர் வீட்டில் இணை இயக்குநர் குரலில் தண்ணீர் கேட்டார். நாலாம் நாள் பந்து லேசாக வலப்பக்கம் எட்டிப்பார்த்தது. ஆறாம் நாள் அங்கேயே குடிபோய்விட்டது.

மட்டையின் கழுத்தில் ஒரு திருகு இருந்தது. அதை இப்படியும் அப்படியும் திருகிப் பார்த்தார். பிறகு பார்க்கிறவர்களிடமெல்லாம் யோசனை கேட்டார். யோசனைக்கு என்றைக்குப் பஞ்சம்? காலை அகட்டுங்க என்றார் ஒருவர். முழங்கையை ஒட்டுங்க என்றார் இன்னொருவர். தலையை ஆட்டாதீங்க, இடுப்பை ஆட்டுங்க, மூச்சை விடாதீங்க. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் செய்தபோது, வயிற்று வலிக்காரர் கழிப்பறை வாசலில் காத்து நிற்கிற கோலம் கிடைத்தது. பந்து மட்டும் கொள்கை மாறவில்லை.

“மன்னிக்கும்னாங்களே?” என்றாள் மனைவி.

“மன்னிக்குது. நான் பண்றத எண்ணிப் பாத்தா, இவ்வளவு மன்னிக்கிறதே பெரிசு.”

பந்தய நாள் வந்தது. விடுமுறை நாள்தான், ஆனாலும் முழு அலுவலகமும் மைதானத்தில் இருந்தது, வேலை நாளில்கூட அப்படி ஒரு வருகையைப் பார்த்ததில்லை. துணை இயக்குநர் காக்கிக் குல்லாவைக் கழற்றினார். காலை அகட்டினார். இருபது வருஷத்து ஆசையையும் சேர்த்து ஓங்கி அடித்தார்.

பந்து எழும்பியது. வலப்பக்கம் திரும்பியது. மரத்தைத் தாண்டி, வேலியைத் தாண்டி, தெருவில் துறை திறந்து போட்டு மறந்த சாக்கடைக் குழியில் ‘தொபுக்’ என்று விழுந்தது.

“ஒரே அடில குழி!” என்று கை தட்டினார் தலைமை எழுத்தர்.

“குழிதான்” என்றார் இயக்குநர். “ஆனா நம்ம குழியாச்சே.”

இதற்கே நாற்காலி பாதி போய்விட்டது. மீதிப் பாதி வேலிக்கு வெளியே கொடியோடு வந்து நின்றது. டிரைவர்கள் சங்கச் செயலாளர் குரல் கொடுத்தார்:

“எங்க தோழரத் தலைகீழாப் புடிச்சு, அவர் தலையாலயே பந்த அடிக்கிறாங்க! அதுவும் லீவு நாள்ல!”

“ஐயோ, அது மட்டைங்க!” என்று அலறினார் துணை இயக்குநர்.

“கேட்டீங்களா? தொழிலாளியப் பாத்து மட்டைங்கிறாரு!”

இயக்குநர் தலைமை எழுத்தர் பக்கம் திரும்பினார். “நம்ம ஊழியராய்யா இது?”

“ஆமா சார். உங்க கையெழுத்தே இருக்கு.”

தான் மட்டைக்கு வேலை போட்டுக் கொடுத்ததாக எந்த இயக்குநர் ஒப்புக்கொள்வார்? “அப்ப ஊழியர்தான்” என்றார்.

விசாரணை நடந்தது. ‘இவர் உங்களைத் துன்புறுத்தினாரா?’ என்று டிரைவரிடம் மும்முறை கேட்கப்பட்டது. பதில் இல்லை. மௌனம் சம்மதம் என்று பதிவாயிற்று.

“வாயே இல்லையே, எப்படிங்க பேசும்?” என்றார் துணை இயக்குநர்.

‘பாதிக்கப்பட்டவர் வாயில்லாப் பூச்சி என்பதைக் குற்றம் சாட்டப்பட்டவரே ஒப்புக்கொள்கிறார்’ என்று விசாரணை அதிகாரி எழுதிக்கொண்டார்.

இணை இயக்குநர் பதவிக்கு மற்ற அதிகாரிகளும் தேறவில்லை. பந்தயத்தில் அவர்களுடைய பந்துகள் இயக்குநரின் பந்தைத் தாண்டிப் போய்விட்டன. மேலிடத்துக்கு மரியாதை தெரியாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டார்கள். புகார் இல்லாதவர், விடுப்பே எடுக்காதவர், தாமதமாக வராதவர் என்று பார்த்தால் துறையில் ஒரே ஓர் ஆள்தான் மிஞ்சினார். இயக்குநர் அவரை மேஜைமேல் கிடத்தி நிதானமாகப் பார்த்தார்.

“தலை பெரிசு. உள்ள காலி. வளைஞ்சு குடுக்குது. அடிச்சா தாங்குது. வாயத் திறக்கல. இதுக்கு மேல ஒரு இணை இயக்குநர் எனக்கு எங்கய்யா கிடைப்பார்?”

டிரைவர் நாற்காலியில் சாய்த்து வைக்கப்பட்டார். டிரைவர் இடம் மறுபடி காலியாயிற்று. விசாரணை முடிவின்படி பணியிறக்கம் செய்யப்பட வேண்டிய ஒருவர் கையருகிலேயே இருந்தார்.

“கார் லைசென்ஸ் இருக்குல்ல சார்?” என்று கேட்டார் தலைமை எழுத்தர். பிறகு கோப்பைப் பார்த்துவிட்டு, “இருக்குல்ல?” என்று திருத்திக்கொண்டார்.

வீட்டில் மனைவி சோறு போட்டாள். பிறகு தட்டை நகர்த்திவைத்துச் சொன்னாள்: “இணை இயக்குநர் பின் சீட்டு, நீங்க முன் சீட்டு. முன்னேறிட்டீங்கன்னே வெச்சுக்குங்க. சாப்பிடுங்க.”

மறுநாள் ஜீப் கொட்டகையை விட்டு வெளியே வந்தது. ஒரு தெருவில் சாக்கடை பொங்கி வீட்டு வாசல்வரை நின்றது. அதிகாரி வந்திருக்கிறார் என்றதும் ஜனம் வேட்டியையும் புடவையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, பின் சீட்டில் மனுக்களைக் குவித்தது.

“எதுத்து ஒரு வார்த்த பேசல பாருங்க!”

“போன தடவ ஆபீஸுக்குப் போனேன். துணை இயக்குநராம், மனுவ மூஞ்சிலயே எறிஞ்சான். இவரு எல்லாத்தயும் மடியிலயே வெச்சிருக்காரு.”

அந்தத் துணை இயக்குநர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தார். பொறுக்க முடியவில்லை. திரும்பிச் சொல்லிவிட்டார்: “அது மனுஷனே இல்லங்க. மட்டை. தட்டிப் பாருங்க, தலைக்குள்ள ஒண்ணுமே கிடையாது!”

ஒரு கிழவர் அவர் தோளில் கை வைத்தார். “இருக்கட்டும்ப்பா. இதுக்கு முன்னாடி வந்தவங்க தலைய எவன் தட்டிப் பாத்தான்?”

எல்லாரும் சிரித்தார்கள். இவரையே நிரந்தரமாக்க வேண்டும் என்று அங்கேயே ஒரு தாளில் எழுதி, ஜீப்பின் முகப்பில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்கள். பேனா முன் சீட்டுக்கும் வந்தது.

“நீயும் போடுப்பா. உன் சாருதான?”

அவர் யோசித்தார். சார் நிரந்தரமானால் ஜீப் நிரந்தரம். ஜீப் நிரந்தரமானால் டிரைவர் நிரந்தரம். போட்டார்.

ஜீப் கிளம்பியது. சாக்கடைத் தண்ணீர் இரண்டு பக்கமும் எழும்பி எல்லார் மேலும் தெறித்தது. யாரும் திட்டவில்லை. முகத்தை வழித்துவிட்டுக்கொண்டு, பின் சீட்டைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.