தண்ணீர் படாத படகு

போடிநாயக்கனூர் ஏலக்காய்க் கமிஷன் கடை வெள்ளைத்துரைக்கு நாற்பத்தேழாவது வயதில் ஓர் ஆசை வந்தது. தினமும் ஒரு மணி நேரம் தன்னை யாரும் கூப்பிடக் கூடாது. அவ்வளவுதான். இதென்ன பெரிய ஆசையா என்று கேட்கிறவர்கள் அவர் மனைவி ஞானபாக்கியத்தின் குரலைக் கேட்காதவர்கள்.

அந்தக் குரல் எதுவரை எட்டும் என்பதை மனுஷன் அளந்தே வைத்திருந்தார். அடுப்படியில் கிளம்பினால் கடைத்தெரு முக்கு வரை வரும். காற்று தோதாக இருந்தால் மாதாகோயில் மணிக்கூண்டைத் தாண்டியும் போகும். "இந்தாங்க" என்று ஒரே வார்த்தைதான். அதற்குள் தீர்ந்துபோன உப்பு, ஒழுகுகிற ஓடு, பெரியவளுக்கு வந்திருக்கும் சம்பந்தம் எல்லாம் அடங்கியிருக்கும். ஒரு நாள் மத்தியானம் ஊர்க் கண்மாய்க் கரையோரமாக நடந்து பார்த்தார். அங்கேயும் வந்தது. அப்போதுதான் நடுத்தண்ணீரில் தெப்பத்தில் நின்ற மீன்காரனைக் கவனித்தார். அவன் பெண்டாட்டி கரையில் நின்று தொண்டை வறளக் கத்திக் கொண்டிருந்தாள். அவன் காதில் கையை வைத்து, கேட்கவில்லை என்று சாவகாசமாகத் தலையை ஆட்டினான். காற்றும் அலையும் சேர்ந்து குரலைத் தின்றுவிடுகின்றன என்று வெள்ளைத்துரை கணக்குப் போட்டார்.

அன்றிலிருந்து அவருக்குக் கண்ணைத் திறந்தபடியே கனவு வர ஆரம்பித்தது. ஐப்பசி மழையில் கண்மாய் தளும்பி நிற்கிறது. போடிமெட்டு மலை தலைகீழாகத் தண்ணீருக்குள் இறங்கிக் கிடக்கிறது. மலைச்சரிவில் மேயும் மேகமெல்லாம் கண்மாயிலும் மேய்கிறது. நடுவில் ஒரு படகு. அதில் அவர் மல்லாந்து கிடக்கிறார். முகத்தில் போட்ட துண்டில் ஏலக்காய் மணம். கால் கட்டைவிரலில் ஒரு தட்டான் வந்து உட்காருகிறது. அதுவும் எதையும் கேட்கவில்லை. இந்த இடத்தில் கனவு வரும்போதெல்லாம், சலித்த காயையும் சலிக்காத காயையும் ஒன்றாகக் கொட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார்.

துரைமார்கள் ஒவ்வொருவராக எஸ்டேட்டை விற்றுவிட்டுச் சீமைக்குக் கப்பலேறிய வருஷங்கள் அவை. அப்படிப் போன ஒருவர் தன் பங்களாக் குளத்துக்கென்று சொல்லி வைத்த படகு, மெட்டு அடிவாரத்தில் கண்ணுச்சாமி ஆசாரியின் பட்டறையில் புத்தம் புதுசாகக் கிடந்தது. ஆசாரி ஆயுசெல்லாம் எஸ்டேட்டுகளுக்கு ஏலக்காய்ப் பெட்டி செய்தவர். படகு அவருக்கு இதுதான் முதல். வெள்ளைத்துரை அதைச் சரக்குப் பார்க்கிற முறைப்படியே பார்த்தார். நிறம் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். காதை வைத்துத் தட்டிப் பார்த்தார். சுக்காகக் காய்ந்திருந்தது. ஒரு வருஷமாகப் பொட்டுத் தண்ணீர் பட்டதில்லை என்று ஆசாரி சத்தியம் செய்ததும் அவருக்கு மனசு நிறைந்துவிட்டது. ஈரம் பட்ட காயை எந்த மடையன் வாங்குவான்?

ஏலக்காய் வியாபாரத்தில் விலையை வாயால் சொல்வதில்லை. இருவர் கையையும் ஒரு துண்டால் மூடி, உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். கையை விட்டால் பேரம் முடிந்தது. அப்புறம் மூட்டைக்குள் கல்லே இருந்தாலும் வாங்கியவன் மூச்சுவிடக் கூடாது. விட்டால் மறுநாளிலிருந்து அவன் கையை ஒருத்தனும் தொட மாட்டான். வெள்ளைத்துரை அந்தப்படியே, தரகர் பால்சாமி சாட்சியாக நிற்க, துண்டுக்குள் விரலைப் பிடித்துப் படகை வாங்கினார். கையையும் விட்டார்.

வண்டியில் வந்து இறங்கிய படகை ஞானபாக்கியம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். எதற்கு என்றாள். தண்ணீர்க் காற்று நெஞ்சுக்கு நல்லது என்றார். அவள் அடுத்துக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"தண்ணியில போட்டுப் பாத்தீகளா?"

இவளுக்கு வியாபாரம் எங்கே தெரியப் போகிறது என்று வெள்ளைத்துரை வாய்விட்டுச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. இருபது வருஷம் குடித்தனம் நடத்தியவருக்கு அங்கேயே பொறி தட்டியிருக்க வேண்டும்.

மறுநாள் தலையணையோடு போய்க் கண்மாயில் படகை இறக்கினார். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், எல்லாம் கனவில் வந்தபடியே இருந்தது. மலை தண்ணீருக்குள் இருந்தது. மேகம் இருந்தது. பிறகு முதுகு ஜில்லென்றது. பலகைச் சந்து ஒவ்வொன்றிலும் தண்ணீர் கொப்பளித்து வந்தது. ஒரு பக்கம் இரண்டு விரற்கடை தூக்கலாக இருந்ததால் படகு இடப்புறமாகச் சாய்ந்து, அவரைத் தலையணையோடு சரித்துவிட்டு, முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்துகொண்டது. துணி துவைத்துக் கொண்டிருந்தவர்கள் துவைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கரையில் பால்சாமி வேறு நின்று வெற்றிலை போட்டுக் கொண்டிருந்தார்.

ஆசாரியிடம் போய்ச் சண்டை போட வழியில்லை. கையை விட்டாகிவிட்டது. போட்டால் பால்சாமி மூலமாகச் சந்தை முழுக்கத் தெரிந்து, கடையை இழுத்து மூட வேண்டியதுதான். அதனால் பழுதைத் தானே பார்க்கத் துணிந்தார். மாதாகோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளை வாங்கி வந்து உருக்கி ஊற்றினார். சந்துக்குள் சாக்கைக் கிழித்துத் திணித்தார். கடைசியாக, நனைந்த காய்க்குச் செய்கிற வைத்தியத்தைச் செய்தார். படகை முற்றத்தில் கவிழ்த்துப் போட்டு நான்கு நாள் வெயிலில் காயவைத்தார். மெழுகு உருகி வழிந்தது. சந்துகள் இன்னும் அகன்றன. கவிழ்ந்த படகுக்குள் புகுந்து பார்த்தால் வானம் கோடுகோடாகத் தெரிந்தது. மனுஷனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று சோறு போட்டபடி ஞானபாக்கியம் பேச்சை எடுத்தாள்.

"ஆசாரியண்ணங்கிட்டக் கைய விட்டது யாரு?"

"நாந்தேன்."

"நா விடலல்ல?"

வெள்ளைத்துரை சோற்றிலிருந்து தலையைத் தூக்கினார்.

"படகு எனக்குன்னு ஆயிருச்சுன்னா நாம் போயிக் கேப்பேன். பெறத்தியார் சரக்குக்கு நா எப்புடி வாயத் தொறக்க?"

அவர் மனசுக்குள் குதித்தார். அடி பைத்தியக்காரி, நீ போய்ச் சண்டை போட்டுப் பழுது பார்த்துக் கொண்டுவா. தண்ணீரைக் கண்டால் நடுங்குகிற உனக்குப் படகு எதற்கு? மத்தியானமானால் நான்தானே மல்லாந்து கிடக்கப் போகிறேன். இதெல்லாம் முகத்தில் தெரியாமல், சரி எடுத்துக்கோ என்று பெருந்தன்மையாகச் சொன்னார்.

"வாய்ச்சொல்லு எதுக்கு? கையக் குடுங்க" என்றாள்.

எச்சில் கையைத் துடைத்துவிட்டு நீட்டினார். அவள் முந்தானையை அவர் கைமேல் போட்டு, உள்ளே விரல்களைப் பிடித்தாள். கல்யாணத்தன்று கோயிலில் பிடித்த மாதிரி இருந்தது. அவருக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது. மாதிரிக்கு ஒரு பிடி ஏலக்காய் காட்ட வந்திருந்த பால்சாமி வாசற்படியில் நின்று பார்த்துக் கொண்டிருந்தார். அவள் மெதுவாகக் கையை விட்டாள்.

அவள் பட்டறைக்குப் போய் ஊரைக் கூட்டுவாள் என்று வெள்ளைத்துரை காத்திருந்தார். சத்தமே வரவில்லை. நல்ல பெட்டி செய்திருக்கிறீர்கள் அண்ணே, படகு எங்கே என்று மட்டும் கேட்டாளாம். ஆசாரி தலையைக் குனிந்துகொண்டாராம். பெட்டிக்கு அடிக்கிற மாதிரியே பலகையைச் சேர்த்து ஆணி அடித்துவிட்டேன் ஆத்தா, சந்து அடைக்கிற சோலி எனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டாராம். புது மரவாளியைக் கிணற்றில் விடுமுன் ஊறப்போடுகிற மாதிரி இதையும் ஊறப்போடச் சொல்லி, தேங்காய் நாரை உருக்கிய தார்க் கீலில் நனைத்துச் சந்துகளில் அடிக்கச் சொன்னது அவள்தான். படகு மூன்று நாள் கண்மாயில் கல்லேற்றி மூழ்கிக் கிடந்தது. பிறகு சாய்மானத்தை எடுக்க ஆசாரி இன்னொரு மூன்று சாயங்காலம் வேலை பார்த்தார். கடையில் காய் வரத்து மும்முரமாக இருந்ததால் வெள்ளைத்துரை அந்தப் பக்கமே போகவில்லை. அடுத்தவர் பாடுபடத் தான் கனவு காண்பது அவருக்குச் சுகமாக இருந்தது.

படகு தயார் என்ற அன்று, தலையணையை எடுத்துக்கொண்டு வெரசாகப் போனார். ஞானபாக்கியமும் ஆசாரியும் கரையில் நின்றார்கள். பேசாமல் போய் ஏறி உட்கார்ந்தார். படகில் ஒரு பொட்டு ஒழுகவில்லை. ஆனால் ஒரு பக்கமாகப் படுத்து, விளிம்பு வழியாகத் தண்ணீரை அள்ளி அவர் மடியில் ஊற்றியது.

"மொதலாளி, எறங்குங்க" என்றார் ஆசாரி பதற்றமாக. "ஒக்காருற பலகையும் எதுத்தாப்புல கல்லும் ஆத்தா எடைக்கு வச்சது. மூணு சாயங்காலமும் அவுகளத்தான ஒக்கார வச்சுச் சரிபாத்தேன்."

என் எடைக்கு மாற்றி வை என்றார் வெள்ளைத்துரை. ஆசாரி ஞானபாக்கியத்தைப் பார்த்தார். அவள் பால்சாமியைப் பார்த்தாள். ஆமாம், பால்சாமி அன்றும் கரையில்தான் நின்றார்.

"கைய விட்டாச்சுல்ல" என்றாள் ஞானபாக்கியம் மெல்ல. "எனக்குந்தேன் ஒரு மணி நேரம் யாரும் எதும் கேக்காம இருந்தாத் தேவலன்னு இருக்கு. அடுப்புல ரசம் இருக்கு."

அவரிடமிருந்து தலையணையை வாங்கிக்கொண்டாள். மூன்று சாயங்காலமும் அவள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை போல. மூங்கில் கழியை ஊன்றினாள். படகு நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. நடுவில் போய் நின்றது. மலை தலைகீழாக இருந்தது, மேகம் அவளைச் சுற்றி மேய்ந்தது. அவள் மல்லாந்து படுத்து, முந்தானையை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டாள். அவ்வளவு அழகாக அவளை அவர் பார்த்ததே இல்லை. அந்த அழகைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

வீட்டுக்கு வந்தார். ரசத்தில் உப்பு இல்லை. உப்புச் சாடி எங்கே இருக்கிறதென்று இருபது வருஷத்தில் அவருக்குத் தெரிந்ததில்லை. பால்காரர் வந்து கூப்பிட்டார். சம்பந்தம் பேச வந்த ஆள் கூப்பிட்டார். சின்னவன் கூப்பிட்டான். திரும்பவும் கண்மாய்க்கு ஓடி, தொண்டை வறள "இந்தா, ஞானம்" என்று கத்தினார்.

நடுத்தண்ணீரில் அவள் எழுந்து உட்கார்ந்தாள். காதில் கையை வைத்து, சாவகாசமாகத் தலையை ஆட்டினாள்.

அவர் போட்ட கணக்கில் மட்டும் ஒரு பழுதும் இல்லை.