சம்பந்தி வீட்டு நீலக் கதவு

ஜியாயி,
வெள்ளிக்கிழமை

பெருமதிப்புக்குரிய சம்பந்தி ஷீ அவர்களுக்கு,

லாய் ச்சிங்-யுவான் தலை தாழ்த்தி எழுதுவது. தங்கள் நலமும், சம்பந்தியம்மாவின் முழங்கால் நலமும், நம் பேரன் பால் குடித்துத் தூங்கும் நலமும் அறிய ஆவல். என் நலத்தை விசாரிக்க வேண்டாம். அதற்கு நான் தகுதியானவன் அல்ல.

பேரனுக்கு ஒரு மாதம் நிறைந்த விருந்தன்று, நான் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டேன். உபசாரத்தில் குறை கண்டு கோபித்துக்கொண்டு போனதாகத் தாங்கள் நினைத்திருப்பீர்கள். அந்தப் பழி என் மகள் ஷு-பென் தலையில் விழக் கூடாது என்றுதான் உண்மையை எழுதுகிறேன். குறை உங்கள் உபசாரத்தில் இல்லை. உங்கள் கதவில் இருக்கிறது. அதைச் செய்தவன் நான்.

அன்று காலை, உள்ளே குழந்தையோடு இருந்த ஷு-பென்னைத் தவிர நீங்கள் எல்லோரும் சந்தைக்குப் போயிருந்தீர்கள். சும்மா உட்காரக் கூச்சமாக இருந்ததால் வாசலுக்கு வந்தேன். புத்தாண்டுக்கு ஒட்டிய சிவப்புத் தாள்களைக் கிழித்த இடத்தில் டேப்பின் பசை வெயிலில் காய்ந்து, தூசி பிடித்து, அந்த அழகான நீல இரும்புக் கதவில் பழுப்பாகத் திட்டுத் திட்டாக நின்றது. விருந்தாளிகள் வருவதற்குள் துடைத்துவிட்டால் சம்பந்தி மகிழ்வாரே என்று நினைத்ததுதான் என் குற்றம். நகத்தால் சுரண்டினேன், நகம்தான் உடைந்தது. ஈரத்துணியால் தேய்த்தேன், பசை துணியின் நூலைப் பிடித்துக்கொள்ள, கதவுக்கு மீசை முளைத்தது. மீசையை எடுக்க என் சட்டைப்பையிலிருந்த தலைவலித் தைலத்தைத் தடவினேன்; தெருவே சளி பிடித்தவர் வீடு மாதிரி மணத்தது. பிறகு மாடிப்படிக்குக் கீழே உங்கள் பெயிண்ட் தின்னர் டப்பா கண்ணில் பட்டது. கொஞ்சம்தான் ஊற்றினேன். பசை போயிற்று. வந்த சந்தோஷத்தில் இன்னும் ஊற்றி, இரண்டு கையாலும் தேய்த்தேன். துணியைப் பார்த்தால் நீலம். கதவைப் பார்த்தால் வெறும் இரும்பு.

குழந்தையோடு வெளியே வந்த ஷு-பென் அப்படியே நின்றுவிட்டாள்.

"அப்பா! என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க? ஹேர் டிரையரால லேசா சூடு காட்டி, சமையல் எண்ணெய தடவி ஊறவிட்டு, மெத்துனு ஒரு துணியால வழிச்சா வந்திருக்குமே! அப்புறம் சோப்புத் தண்ணி. பெயிண்ட்டுக்கு ஒண்ணும் ஆயிருக்காது!"

"இத முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"என் மாமனார் வீட்டுக் கதவ நீங்க உரிப்பீங்கன்னு யாரு கண்டா! இப்ப என்ன பண்றது?"

"நான் அது முன்னால நின்னுக்கறேம்மா."

நின்றேன். உங்கள் லூகாங் ஊரின் குளிர்காலக் கடல்காற்றில், இரட்டைக் கதவின் உரிந்த பாதியோடு முதுகை ஒட்டிக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டேன். உங்கள் அண்ணியார், "பொண்ணோட அப்பா உள்ள வந்து உக்காரவே மாட்டேங்கறாரே, என்ன அடக்கம்! நம்ம வீட்டு ஆம்பளைங்களும் இருக்காங்களே" என்றபோது பூமி பிளக்காதா என்று இருந்தது. நீங்களே விருந்துக்குச் செய்த எண்ணெய்ச் சோற்றுக் கிண்ணத்தோடு வந்து, "சம்பந்தி, கால் வலிக்கப் போவுது, உள்ள வாங்க" என்றீர்கள். "காத்து ரொம்ப நல்லாருக்கு" என்றேன், பல் கிடுகிடுத்தது. குடும்பப் படம் எடுக்கும்போதும் நகரவில்லை. அதனால்தான் படத்தின் நடுவில் பேரன் இல்லை, நான் இருக்கிறேன். எல்லோரும் தேநீருக்கு உள்ளே போனதும் அந்தப் பாதியையும் முழுக்கத் திறந்து, உரிந்த பக்கம் சுவரைப் பார்க்கும்படி தள்ளிவிட்டு, ஓடிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நானே வந்து, உங்கள் தெரு முழுக்கப் பார்க்கத் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டு, கதவு முழுவதும் வர்ணம் பூசித் தருகிறேன். அதுவரை என் மகளை ஒன்றும் சொல்ல வேண்டாம்.

சம்பந்தியம்மாவுக்கும் மாப்பிள்ளைக்கும் என் வணக்கங்கள். பேரன் நூறாண்டு வாழட்டும்; தாத்தாவைப் போல உதவி செய்யாதிருக்கட்டும்.

முகத்தில் விழிக்கத் தகுதியற்ற,
லாய் ச்சிங்-யுவான்

பின்குறிப்பு: உறையில் முகவரி எழுதும் நேரத்தில் ஷு-பென் போன் செய்தாள். உப்புக்காற்றில் பெயிண்ட் உரிந்துவிட்டதென்று நீங்கள் அதைப் பூசிய பெயிண்டரைக் கூப்பிட்டுக் காட்டினீர்களாம். அடிப்பூச்சு சரியாகப் போடாதது தன் தப்புதான் என்று அவரே ஒப்புக்கொண்டு, நாளைக்கே இலவசமாகப் பூசித் தருகிறாராம். எனவே ஞாயிற்றுக்கிழமை நான் வரவில்லை. மேலே எழுதியிருப்பதைத் தயவுசெய்து படிக்காமல் கிழித்துப் போடவும்.