நுரை அளந்த அலுவலகம்

எடை, அளவை முத்திரை அலுவலகத்தில் எதையும் அளக்காமல் நம்ப மாட்டார்கள். ஒருவர் தும்மினால்கூடப் பக்கத்தில் இருப்பவர் அது எத்தனை கிராம் என்று யோசிப்பார். அப்படிப்பட்ட இடத்துக்கு, ஊழியர்களின் பல்லும் ஈறும் இனி ஆரோக்கியமாக இருந்தாக வேண்டும் என்று மேலிடத்து ஆணை வந்து இறங்கியது.

ஈறை எப்படி அளப்பது? மேலதிகாரி மதியச் சாப்பாடு வரை யோசித்து, நுரையை அளக்கலாம் என்று முடிவு கட்டினார். காலையில் வந்ததும் எல்லோரும் வரிசையில் நின்று பல் விளக்கி, முத்திரை வைத்த குவளையில் துப்ப வேண்டும். நுரை கோட்டைத் தொட்டால் ஆரோக்கியம். தொடாவிட்டால் மறுபடி தேய்க்க வேண்டும்.

முத்திரைக் குமாஸ்தாவின் நுரை அடியிலேயே படுத்துக் கிடந்தது. வீட்டில் மனைவி பழக்கியது வேறு. "மெத்துன்னு ஒரு பிரஷ்ஷால, ஈறோரமா மெதுவா வட்டம் போடுங்க. பாத்திரமா தேய்க்கிறீங்க?" அந்த வட்டத்தில் எங்கே நுரை பொங்கும்? ஆகவே முரட்டு பிரஷ் ஒன்று வாங்கிப் பிறாண்டினார். நுரை கோட்டைத் தாண்டியது, பாராட்டும் கிடைத்தது. கூடவே ஈறு வீங்கி, கடைவாய்ப் பல் விண்விண்ணென்று தெறித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கலாம் என்றால், கடிக்க வேண்டிய பல்லே அதுதான்.

மேலதிகாரியிடம் லீவு கேட்கப் போனார்.

"எதுக்குய்யா லீவு?"

"பல்வலி சார். ரத்தமா வருது."

"உம்ம நுரை எவ்வளவு?"

"கோட்டுக்கு மேல சார்."

"அப்புறம் எப்படிய்யா வலிக்கும்? குவளை பொய் சொல்லுதுங்கிறீரா? அதுக்கு முத்திரை வெச்சதே நீர்தானே!"

கன்னத்தைப் பொத்தியபடி டைப்பிஸ்ட் அக்கா குறுக்கே வந்தார். "சார், எல்லார் நுரையும் சிவப்பாத்தான் இருக்கு."

மேலதிகாரி நியாயஸ்தர். மறுநாளே அனைவருக்கும் சிவப்புப் பற்பசை வழங்க உத்தரவிட்டார். அதன்பின் யாருக்கும் ரத்தம் வந்ததாகத் தகவல் இல்லை.

'பல்நோயற்ற அலுவலகம்' கேடயம் கொடுக்கப் பல் டாக்டரே வருகிறார் என்றதும் குமாஸ்தாவுக்குப் போன உயிர் திரும்பியது. அதிகம் நுரை தள்ளியவர் என்பதால் வாங்கப்போவதும் அவரே. மேடையில் கேடயத்தின் ஓரத்தைப் பிடித்தபடி கிசுகிசுத்தார்.

"டாக்டர், பல்லு உயிர் போகுது. எப்ப ஆஸ்பத்திரிக்கு வரட்டும்?"

"எந்த ஆஸ்பத்திரிக்கு? எல்லா ஆபீசுமே நோயில்லாத ஆபீஸ் ஆயிடுச்சேப்பா. பல் ஆஸ்பத்திரியை மூடிட்டு, என்னைக் கேடயம் குடுக்கப் போட்டுட்டாங்க."

"அப்ப என் ஈறு?"

டாக்டர் தன் கன்னத்தை மெல்லத் தடவினார். "மூடுறதுக்கு முன்னாடி எங்ககிட்டயும் நுரை அளந்தாங்க. எனக்கும் இந்தப் பக்கம் வீங்கித்தான் இருக்கு."

"ரெண்டு பேரும் இங்க பாத்துச் சிரிங்க!" என்றார் போட்டோக்காரர்.

சிரித்தார்கள். அலுவலகமே எழுந்து நின்று கைதட்டியது. வாய்விட்டுச் சிரிக்க மட்டும் ஒருவராலும் முடியவில்லை.