கடைசி வரி வரை படித்த சிறுத்தை

ஒரு காட்டில் ஒரு சருகுமான் இருந்தது. சும்மா இருந்திருக்கலாம். எழுத ஆரம்பித்துவிட்டது.

பெயர் செண்பகவடிவு. முயலை விடக் கொஞ்சம் பெரிய உடம்பு. அருவிக்குப் பக்கத்தில் இரண்டு பாறைகளுக்கு நடுவே ஓர் இடுக்கில் குடியிருந்தாள். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு சிறுகதை எழுதி, போனிலேயே நியூஸ்லெட்டராக அனுப்புவாள். காட்டுக்கு டவர் வந்த புதிது. யானை முதல் எறும்பு வரை ஆளுக்கொரு நியூஸ்லெட்டர் நடத்திக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் எழுதினால் யாரப்பா படிப்பது என்று கேட்க ஒரு ஜீவன் இல்லை.

செண்பகவடிவுக்கு ஒரே ஓர் ஆசை. தான் எழுதியதை யாராவது ஒருவர் கடைசி வரி வரை படிக்க வேண்டும். கேட்டால் சின்ன ஆசையாகத்தான் தெரியும்.

முள்ளம்பன்றி சங்கரபாண்டி அவளுடைய சிநேகிதன். கவிதை மடல் நடத்துகிறவன், ஆகவே எல்லாம் தெரிந்தவன்.

"இதெல்லாம் மொய் மாதிரி வடிவு," என்றான். "நீ என் மடலுக்குச் சந்தா வை, நான் உன் மடலுக்கு வைக்கிறேன். நாலு வீட்டு விசேஷத்துக்குப் போய் வந்தா, நம்ம விசேஷத்துக்குக் கூட்டம் தானா வரும்."

அவளும் போய் வைத்தாள். கரடியின் தேன் மடல், மயிலின் அழகுக் குறிப்பு மடல், ஆமை நடத்திய 'வேகமாக முன்னேறுவது எப்படி' மடல், ஒன்றையும் விடவில்லை. எல்லாரும் கௌரவமானவர்கள், திருப்பி வைத்தார்கள். வாசகர் எண்ணிக்கை நானூற்றைத் தொட்டது. மடல் போன மறுநொடியே 'அருமை', 'மிக அருமை', இதயம், கும்பிடும் கை என்று கொட்டும். கதையைப் படிக்கவே எப்படியும் கால் மணி நேரம் ஆகுமே, இவர்கள் எப்படி ஒரு நொடியில் முடிக்கிறார்கள் என்று அவளுக்கு லேசாக உறுத்தும். உறுத்தலை ஓரமாக வைத்துவிட்டு இதயங்களை எண்ணுவாள்.

அந்த நானூற்றில் ஒரே ஒரு பெயர் மட்டும் எந்த மொய்யிலும் வராத பெயர். மாசிலாமணி என்று யாரோ. ஒரு நாளும் 'அருமை' போட்டதில்லை. பண்பாடு இல்லாத ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"கூட்டம் சேர்ந்தாச்சு, இனி ஒட்ட வைக்கணும்," என்று சங்கரபாண்டி அடுத்த யோசனை சொன்னான். "சொந்த வாழ்க்கையை எழுது. எங்க உட்கார்ந்து எழுதுறே, என்ன சாப்பிடுறே, எல்லாம் சொல்லு. அப்பத்தான் வாசகர் நெருங்கி வருவாங்க."

அந்த வெள்ளிக்கிழமை 'நான் எழுதும் இடம்' என்று எழுதினாள். அருவி, இரட்டைப் பாறை, வாசலில் நெல்லி மரம், எதையும் விடவில்லை. சனிக்கிழமை காலையில் வாசகர் நெருங்கி வந்தார்.

இடுக்கில் வெளிச்சம் மறைந்தது. எட்டிப் பார்த்தால் சிறுத்தை.

"வணக்கம் மேடம். மாசிலாமணி. உங்க வாசகன்."

இடுக்கின் கடைசி வரை பின்வாங்கினாள். சிறுத்தையின் தலைகூட நுழைய முடியாத இடுக்கு என்பதுதான் ஒரே தைரியம். ஆனால் 'வாசகன்' என்று காதில் விழுந்ததும் உடம்பு தானாக வாசல் பக்கம் நகர்ந்தது. எழுதுகிறவர்களின் புத்தி அப்படி.

"எல்லாம் படிச்சீங்களா சார்?"

"ஒண்ணு விடாம. மழைக் கதையில கொக்கு ஏன் திரும்பி வரலைன்னு ரெண்டு நாள் தூக்கமே இல்ல. தேன்கூட்டுக் கதைதான் கொஞ்சம் இழுவை."

"எந்த இடத்துல இழுவை?" இன்னும் ஓரடி முன்னால் வந்தாள்.

"வெளிய வாங்க மேடம், காட்டுறேன்."

சொல்லிவிட்டு அவர் நாக்கால் மீசையைத் தடவிக்கொண்டார். அப்போதுதான் அவளுக்குச் சுரணை வந்தது. உள்ளே ஓடி, நானூறு பேருக்கும் மடல் அனுப்பினாள். 'அவசரம். வாசலில் சிறுத்தை. கொடூரக் கண்களோடு நிற்கிறது. யானையண்ணா, காட்டெருமை மாமா, யாராவது வாங்க.'

மறுநொடி பதில்கள் வந்தன. 'அருமை.' 'மிக அருமை.' யானையண்ணா கும்பிடும் கை போட்டிருந்தார். சங்கரபாண்டி, 'கலக்கிட்டே வடிவு' என்றிருந்தான்.

செண்பகவடிவுக்கு அழுகை வந்துவிட்டது. சாகப்போகிறோமே என்பதை விட, நானூறு பேரில் ஒருத்தர் கூடப் படிக்கவில்லையே என்பதுதான் தாங்கவில்லை.

வெளியே ஒரு போன் 'டிங்' என்றது.

"ஆரம்பம் நல்லா இருக்கு மேடம்," என்றார் மாசிலாமணி. "கொடூரக் கண்கள் மட்டும் வேண்டாமே. எல்லாரும் அதையேதான் எழுதுறாங்க. எனக்கு இடது கண்ணில பூ விழுந்திருக்கு பாருங்க, அதைச் சொல்லலாம்."

பார்த்தாள். விழுந்திருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திருத்தினாள். முடிவில், 'சிறுத்தை மனம் திருந்திப் போய்விட்டது' என்று சேர்த்து அனுப்பினாள்.

"நம்புற மாதிரி இல்ல," என்றார் அவர். "பட்டினியா நிக்கிற சிறுத்தை எதுக்குத் திருந்தணும்?"

நியாயம்தானே. அதை அழித்தாள். மதியம் வரை யோசித்து யோசித்து வேறு எழுதினாள். 'வாசலில் நிற்கும் அந்தச் சிறுத்தையைப் பற்றி, அதற்கே தெரியாத ஒரு விஷயம் இந்த மானுக்குத் தெரியும்.' அவ்வளவுதான். கீழே 'தொடரும்' என்று போட்டு அனுப்பினாள்.

அவர் இரண்டு தடவை படித்தார். "என்ன விஷயம் மேடம்?"

"வெள்ளிக்கிழமை சார்."

"இப்பவே சொல்லிடுங்களேன்."

"எனக்கே இன்னும் தெரியாது சார்."

மாசிலாமணி பாறையை ஒரு பிராண்டு பிராண்டினார். இங்கேயே காத்துக் கிடந்து இவளைத் தின்றால் கதை போய்விடும். "வாசகனை இப்படி வதைக்கக் கூடாது," என்று முனகிக்கொண்டே காட்டுப்பன்றி தேடிப் புறப்பட்டார்.

உயிர் பிழைத்தவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். தலையை வெளியே நீட்டி, "பிடிச்சிருந்தா நாலு பேருக்குச் சொல்லுங்க சார்," என்றாள்.

சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை இடுக்கின் வாசலில் மாசிலாமணி, அவர் சம்சாரம், இரண்டு மச்சான்கள், ஒரு கழுதைப்புலி. எல்லாரும் கடைசி வரி வரை படித்துவிட்டு வந்திருந்தார்கள்.

நீதி: நண்பர்கள் சந்தா வைப்பார்கள், பசித்தவன்தான் படிப்பான். ஆகவே எழுத்தாளர்களே, வாசகரை எவ்வளவு வேண்டுமானாலும் பெருக்குங்கள், வாசலை மட்டும் அகலமாக்காதீர்கள்.